அண்ணன் கேஸ் ஏற்றுகிறார்

மதுரையில் பிளெக்ஸ் வைக்காமல் ஒரு நல்ல காரியம் நடப்பதில்லை. காதுகுத்துக்கு வைக்கிறோம், பூப்புனித நீராட்டு விழாவுக்கு வைக்கிறோம், துபாய் கிளம்புகிற மாப்பிள்ளைக்கு வைக்கிறோம், அவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டால் அதற்கும் வைக்கிறோம். ஆனால் கோடை வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் காரின் ஏசிக்குத் தன் கையாலேயே கேஸ் ஏற்றுகிற அண்ணனுக்கு, பெரியார் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை தேடினாலும் ஒரு பேனர் கிடையாது. நன்றி கெட்ட ஊர். அந்தக் குறையை என்னால் முடிந்த மட்டும் இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

அண்ணனின் பெயர் தேவையில்லை. வில்லாபுரத்தில் ஒருவர் இருக்கிறார், அண்ணா நகரில் இருக்கிறார், திருநகரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். நான் பாடப்போவது எங்கள் தெரு அண்ணனை. வங்கியில் கேஷியர். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடித்தால், அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார். மல்லிப்பூ வாங்கி வரச் சொன்ன அண்ணி ஒன்பது மணிவரை வாசலில் நின்றதுண்டு. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் பெருமை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சித்திரையில் மதுரை வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட இருபது டிகிரி கூடுதல். அப்படி ஒரு மத்தியானத்தில் காளவாசல் சிக்னலில் கார் நிற்கிறது. பின்சீட்டில் பிள்ளைகள் வியர்வையில் ஊறிக் கிடக்கிறார்கள். "என்னங்க, காத்துதேன் வருது, கூலிங் வரலையே" என்கிறார் அண்ணி. அண்ணன் ஏசி துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டுகிறார். ஒரு கணம் கண்ணை மூடுகிறார். "கேஸ் கம்மி. வேற ஒண்ணுமில்ல" என்கிறார். சிக்னல் பச்சை விழுவதற்குள் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

இந்த வேகம் தொழில் தெரிந்தவர்களுக்கு வராது. பைபாஸ் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதே வண்டியைக் கொண்டுபோனால் ஆளை விடமாட்டார். "சிக்னல்ல நிக்கும்போது சுடுதா, ஓடும்போதுமா?" என்று முதல் கேள்வி. நிற்கும்போது சுட்டு, ரிங் ரோட்டில் எண்பதில் போகும்போது குளிர்ந்தால், கேஸின் மேல் அவருக்குச் சந்தேகமே வராது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கன்டென்சரைத்தான் பார்ப்பார். ஓடும்போது எதிர்க்காற்று அதன் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்தாக வேண்டும். ஃபேன் சுற்றுகிறதா, அதன் ஃப்யூஸ் இருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா, மேலூர்ச் சாலையில் கல் லாரிக்குப் பின்னாலேயே போய்ச் சம்பாதித்த புழுதி கன்டென்சர் இடுக்கெல்லாம் அப்பியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். காற்றே குறைவாக வந்தால் டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி கேபின் ஃபில்டரை உருவுவார். வேப்பஞ்சருகும் தூசியுமாக அது மெத்தை மாதிரி வெளியே வரும். தட்டிப் போட்டாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

இப்படிக் காசில்லாமல் முடிகிற வேலையில் கை வைப்பது அண்ணனின் தகுதிக்கு இழுக்கு. ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்று சிலர் சொல்வது பொறாமை. தெரிந்தாலும் அவர் அதைத் திறக்கமாட்டார் என்பதே என் அபிப்பிராயம்.

இனி மூல விஷயத்துக்கு வருவோம். கார் ஏசி ஒரு மூடிய சுற்று. எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரஸர் கேஸை அமுக்கிச் சூடாக்கித் தள்ளும். கன்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். டிரையர் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையைத் தாண்டியதும் அழுத்தம் இறங்கி, டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலில் ஆவியாகி, அங்குள்ள சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே திரும்பும். போனதே வரும், வந்ததே போகும். பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இது இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் இத்தனூண்டு இத்தனூண்டாகக் கசியும் என்பது உண்மை. பத்து வருட வண்டியில் அது தெரியவும் செய்யும். ஆனால் போன சித்திரையில் ஏற்றிய கேஸ் இந்தச் சித்திரையில் இல்லை என்றால், வண்டியில் எங்கோ ஓட்டை இருக்கிறது. வேறு விளக்கமே கிடையாது. செல்லூரில் பஞ்சர் ஒட்டுகிற பையனுக்கும் இது தெரியும். ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைப் பார்க்காமல் அவன் காற்றடிக்க மாட்டான்.

பத்து ரூபாய் எங்கே போனது என்று ஒன்பது மணிவரை தேடுகிற அண்ணன், 400 கிராம் கேஸ் எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்பேர்ப்பட்ட பற்றற்ற நிலை! போனது போகட்டும் என்று விடுகிற மனம் ஞானிகளுக்கே கஷ்டப்பட்டுத்தான் வாய்க்கிறது. அண்ணனுக்கு அது பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் சித்திக்கிறது. இடம் மாறினால் பற்றும் மாறும் போலும். வங்கிப் பணம் ஊராருடையது, கேஸ் தன்னுடையது.

அந்த பைபாஸ் ரோடு மெக்கானிக்கோ இந்த விஷயத்தில் பெரிய லௌகீகவாதி. சுற்றில் மிச்சம் இருக்கிற கேஸை மிஷினில் இழுத்து வைத்துக்கொண்டு, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தமாக அடைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டாகச் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு போவார். எங்கே நுரை புடைக்கிறதோ அங்கே ஓட்டை. அதற்கும் முன்னால் டார்ச்சை அடித்து எண்ணெய்க் கறை தேடுவார். கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கசிந்து புழுதியைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு தடவை எனக்கே காட்டினார். குழாய் மூட்டில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஈரம். விரலால் துடைத்து முகர்ந்தார். மூட்டைக் கழற்றினால் உள்ளே ஓ-ரிங் காய்ந்து, நகத்தால் கீறியதும் வத்தல் மாதிரி இரண்டாக ஒடிந்தது. அதை மாற்றிவிட்டு, "இந்த ரப்பருக்குத்தேன் இம்புட்டுப் பாடு சார்" என்றார். இப்படி ஒரு ஆள் தொழில் செய்தால் வாடிக்கையாளர் அடுத்த வருடம் எப்படி வருவார்? அண்ணன் இருக்கும் தெருவில் அந்தக் கவலை கிடையாது. சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் அண்ணன் கேஸ் ஏற்றுவது எங்கள் தெருவின் வழிபாட்டு முறைகளில் ஒன்றாகிவிட்டது.

கருவிகளைச் சொல்லாமல் விட்டால் பாவம். அண்ணனிடம் ஒற்றை கேஜும் ஹோஸும் உண்டு, ஆன்லைனில் வாங்கியது. பளபளவென்று துடைத்து வெல்வெட் உறையில் வைத்திருப்பார். தூது போன ஔவை தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துச் சொன்னாளே, அந்தப் பாராட்டுக்கு எழுத்துக்கு எழுத்து தகுதியான கருவிகள். பைபாஸ் ரோட்டு மெக்கானிக்கின் மேனிஃபோல்டு கேஜோ கண்ணாடி கீறி, சிவப்பும் நீலமும் ஹோஸில் எது எது என்று தெரியாத அளவுக்கு கிரீஸ் ஏறிக் கிடக்கிறது.

கேஜில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். முள் பச்சையில் நின்றால் கேஸ் சரி என்று அண்ணன் முடிவு கட்டுவார். இந்தக் கேஸுக்கு R-134a என்று பெயர். அதற்கு ஒரு விசித்திர குணம்: சுற்றுக்குள் கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை, வண்டி ஓடாத நேரத்தில் அது காட்டுகிற அழுத்தம் வெப்பத்தை மட்டுமே சார்ந்தது, அளவைச் சார்ந்ததில்லை. 40 டிகிரி வெயிலில் 200 கிராம் இருந்தாலும் ஏறக்குறைய 130 பி.எஸ்.ஐ. தான், 400 கிராம் இருந்தாலும் அதேதான். ஓடும்போதோ எஞ்சின் வேகம், ஃபேன், வெயில், ப்ளோயர் எல்லாம் சேர்ந்து முள்ளை ஆட்டிவைக்கும். அதனால்தான் பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று எடையாக எழுதி ஒட்டுகிறார்கள். சின்னக் கார்களுக்கு 400 கிராமை ஒட்டி இருக்கும். பழையதை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, தராசில் வைத்து நிறுத்து ஏற்றுவது ஒன்றே வழி. அண்ணன் வீட்டிலும் தராசு உண்டு. அண்ணி கேக் செய்ய மாவு நிறுப்பதற்கு வாங்கியது. அதை இந்த எண்ணெய்ப் பிசுக்கில் கொண்டுவரக்கூடாது என்ற நாகரிகம் அண்ணனிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து அடுப்படியில் கொடுத்த கையோடு பானெட் திறக்கும். தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அண்ணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்தபடி இருக்க வேண்டும். அடுப்பில் குக்கர் ஏறியிருக்கிறதே என்ற கவலையோடு அவர் மிதிப்பதால் எஞ்சின் ஒரு சமயம் உறுமும், ஒரு சமயம் இருமும். ஏசி முழு அளவில், ப்ளோயர் நாலில், கண்ணாடி எல்லாம் கீழே. அண்ணன் பருத்த அலுமினியக் குழாயைத் தடவிப் பார்த்து, கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்புகிற லோ சைடைக் கண்டுபிடிக்கிறார். மூடியைக் கழற்றி வாயில் கவ்விக்கொள்கிறார். ஹோஸில் இருக்கிற காற்றை முதலில் வெளியே விட வேண்டும் என்று டின்னிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது; கண்ணாடியை எடுத்து வரச் சோம்பல். டக் என்று மாட்டுகிறார். ஒரு முழம் மதுரைக் காற்று முதலில் உள்ளே போகிறது. பிறகு கேஸ்.

450 கிராம் டின் அண்ணன் கையில் குளிர ஆரம்பிக்கிறது. வெளிப்புறத்தில் முதலில் பனித்துளி, பிறகு வெள்ளையாகப் பூ. "ஏ, ஐஸு!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். உள்ளே திரவம் ஆவியாவதால் டின் குளிர்கிறது. காருக்குள் குளிர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அண்ணன் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "பாத்தீயா, என்னா கூலிங்!" என்கிறபோது அதை மறுக்கிற துணிவு யாருக்கும் வராது.

டின் குளிர்ந்தால் கேஸ் மெதுவாகத்தான் போகும். பொறுமையில்லாதவர்கள் டின்னைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். அண்ணனும் கவிழ்ப்பார். அப்போது ஆவிக்குப் பதில் திரவமே கம்ப்ரஸருக்குள் பாயும். ஆவியை அமுக்கலாம்; திரவத்தை அமுக்க முடியாது; வால்வு முறியும், பிஸ்டன் அடிபடும். கம்ப்ரஸருக்கு விலை ஐந்து இலக்கம். ஆனாலும் கவிழ்த்த மாத்திரத்தில் முள் சரசரவென்று ஏறுகிற அழகு இருக்கிறதே, அதற்கு ஐந்து இலக்கம் கொடுக்கலாம்.

முள் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போய்விட்டது. "டின்ல இன்னும் இருக்கே, வீணாப் போகுமே" என்று மிச்சத்தையும் ஏற்றிவிடுவது அண்ணனின் சிக்கனம். அளவுக்கு மேல் கேஸ் ஏறினால் கன்டென்சரில் திரவம் தேங்கி, சூட்டை விடுகிற இடம் குறைந்து, கம்ப்ரஸர் தள்ளிவிடுகிற ஹை சைடில் அழுத்தம் எகிறி, கூலிங் ஏறுவதற்குப் பதில் இறங்கும். கடைசியில் ப்ரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். நின்றதும் அண்ணன் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்பார். "சத்தமே இல்ல பாரு. இப்பத்தேன் கம்ப்ரஸர் லோடு இல்லாம ஓடுது."

வேக்கம் போடுவது என்று ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள் கடைக்காரர்கள். சுற்றைத் திறந்து எந்த வேலை பார்த்தாலும், கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பம்பை மாட்டி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் அரை மணி, முக்கால் மணி நேரம் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அழுத்தம் வெளிக்காற்றில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே ஒட்டியிருக்கிற ஈரம் அப்படித்தான் வெளியேறும். பிறகு வால்வை மூடிவிட்டு முள் அசைகிறதா என்று பார்ப்பார்கள். அசைந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது. ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும். கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கம்ப்ரஸர் ஆயிலே ஈரத்தைத் தேடிப்பிடித்துக் குடிக்கிற ஜாதி. ஒன்றுமே நடக்காதது போல் தெரிகிற இந்த அரை மணி நேரத்துக்குக் காசு வாங்குகிறார்கள் என்பதுதான் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "சும்மா மோட்டாரப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிர்றாய்ங்க" என்பார். அண்ணன் யாரையும் சும்மா டீ குடிக்க விடுகிறவர் இல்லை.

இதில் அண்ணனுக்கு மட்டும் மாலை போட்டால் ஓரவஞ்சனை ஆகும். சாலையோரத்தில் 'கேஸ் ஃபில்லிங் 20 நிமிடம்' என்று போர்டு வைத்திருக்கிற சில கடைகளும் அண்ணன் வழியிலேயே நடக்கின்றன. வேக்கம் இல்லை, தராசு இல்லை, லீக் டெஸ்ட் இல்லை. மாட்டினோமா, முள் ஏறியதா, அனுப்பினோமா. அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. "லீக் பாக்கணும், சாயந்தரம் வாங்க" என்று சொல்கிற கடையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு, "டாப்-அப் மட்டும் போடுறோம்" என்கிற கடையில் நிறுத்துவது நாம்தான். நம்முடைய நேரத்துக்கு இருக்கிற மதிப்பு அப்படி. டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்டுகிற கேஸ் பிளான்ட்டை அவருடைய நிறுவனம் செய்து விற்றது. கேஸை வைத்து மதுரைக்காரர்கள் காட்டிய வித்தை அன்றே தொடங்கிவிட்டது. அவர்களுடைய கேஸ் வண்டிக்குள் போய் வேலை செய்தது. நம்முடையது வண்டி வழியாக வானத்துக்குப் போகிறது. காலத்துக்கேற்ற முன்னேற்றம்.

அண்ணனின் வீரத்துக்கு வருகிறேன். சாதாரண காற்றழுத்தத்தில் இந்தக் கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதற்குக் கையுறையும் கண்ணாடியும் போடச் சொல்வார்கள். அண்ணன் போடுவது கைலியும் பனியனும். லோ சைடு வாய்க்கு 13 மில்லிமீட்டர், ஹை சைடு வாய்க்கு 16 என்று வேறு வேறு அளவு வைத்திருக்கிறார்கள், ஒன்றின் ஹோஸ் இன்னொன்றில் மாட்டக்கூடாது என்பதற்காக. வண்டி ஓடும்போது ஹை சைடில் நம் வெயிலுக்கு 200 பி.எஸ்.ஐ. தாண்டி நிற்கும்; தெரியாமல் டின்னை அங்கே மாட்டினால் கேஸ் காருக்குப் போகாது, காரிலிருந்து டின்னுக்கு வந்து டின் வெடிக்கும். எங்கோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து இந்த அளவுகளை வைத்த எஞ்சினியர், வில்லாபுரத்து அண்ணனை ஞானக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அண்ணனை அளவு கட்டுப்படுத்துமா? லேத்துப் பட்டறையில் சொல்லி ஒரு அடாப்டர் கடைந்து வாங்கலாம் என்று போன வருடம் யோசித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் அந்த வாரம் குலசாமி கும்பிடப் போய்விட்டார். குலசாமி எங்கள் தெருவையும் சேர்த்துக் காப்பாற்றியது.

இந்தப் பரம்பரைக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர். பெட்ரோலில் ஈயம் கலந்தால் எஞ்சின் தட்டாது என்று 1921-இல் கண்டுபிடித்து உலகக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சேர வழி செய்தவர். அது போதாதென்று குளிர்சாதனத்துக்கு விஷமில்லாத, தீப்பிடிக்காத கேஸ் வேண்டும் என்று கேட்டதற்கு, பிற்பாடு R-12 என்று பேர்பெற்ற ஃப்ரியானைக் கொண்டுவந்தார். 1930-இல் அறிஞர்கள் கூடிய சபையில் அந்தக் கேஸை நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கைதட்டல். ஆனது எல்லாம் வானத்தில் ஆனது. ஓசோனை அது தின்கிறது என்று மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதியது 1974-இல்தான். 1987-இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம். 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தது. 2010-க்குள் வளரும் நாடுகளும், ஆஸ்துமா மருந்துக்குத் தவிர, இந்த வகைக் கேஸைச் செய்வதை நிறுத்தின. மிட்ஜ்லி அதையெல்லாம் பார்க்கவில்லை. போலியோவில் படுத்தவர் தன்னைக் கட்டிலிலிருந்து தூக்கிவிடத் தானே செய்துகொண்ட கயிறு-கப்பியில் சிக்கி 1944-இலேயே இறந்துபோனார். தன் கையே தனக்கு உதவி என்ற கொள்கையில் கடைசிவரை நின்ற மனிதர்.

பழைய அம்பாசிடர் ஏசிகளில் இருந்த R-12 போய், அதன் இடத்தில் வந்ததுதான் R-134a. இது ஓசோனைத் தொடாது. அதற்குப் பதில் பூமியைச் சூடாக்கும்; நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு. அண்ணன் வருடாவருடம் ஓட்டை வழியாக அனுப்பி வைக்கிற 400 கிராமைக் கணக்குப் போட்டால் 570 கிலோவுக்கு மேல் வருகிறது. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் காரை மதுரையிலிருந்து சென்னைக்கு ஓட்டிப்போய்த் திரும்புவதை ஐந்து தடவை செய்தால் கக்குகிற புகை அது. அண்ணன் அதை வீட்டு வாசலை விட்டு நகராமலே சாதிக்கிறார். மதுரை வெயில் கூடிப்போச்சே என்று டீக்கடையில் அவர் அங்கலாய்க்கும்போது, அதில் தன் கைங்கரியத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். அவ்வளவு அடக்கம்.

ஐரோப்பாவில் இப்படிப்பட்டவர்கள் தலையெடுக்க முடியாது. இந்தக் கேஸைப் போட்டுத் தூக்கியெறியும் டின்னில் விற்பதை அங்கே 2007-லேயே நிறுத்திவிட்டார்கள். 2017 முதல் புதுக் காரில் இந்தக் கேஸே கூடாது. அமெரிக்காவில் டின் கிடைக்கும். ஆனால் 2018-லிருந்து செய்கிற சின்ன டின்னில் தானே மூடிக்கொள்ளும் வால்வு இருக்க வேண்டும். கேஸைத் தெரிந்தே காற்றில் விட்டால் அங்கே குற்றம். இங்கே கைப்பேசியில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது, கூடவே ஒரு கேஜும். மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்துக்கு 2021-இல் இந்தியா ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதன்படி நாம் இந்த வகைக் கேஸைக் குறைக்கத் தொடங்குவது 2032-லிருந்து. அண்ணனுக்கு நிறைய சித்திரைகள் பாக்கி இருக்கின்றன.

போன வாரம் அண்ணன் புது மருந்து ஒன்று வாங்கியிருக்கிறார். கேஸோடு சேர்த்து ஏற்றினால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். ஓட்டை இருப்பதை அவர் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை; அந்த வகையில் பெரிய மாற்றம். அந்தப் பசை ஓட்டை எது, எக்ஸ்பான்ஷன் வால்வின் துளை எது என்று பேதம் பார்க்காது என்பதும், பிறகு அந்த வண்டியைத் தன் கேஸ் மிஷினில் மாட்ட விவரமான மெக்கானிக் எவரும் சம்மதிக்கமாட்டார் என்பதும் அண்ணனுக்கு ஒரு பொருட்டில்லை. மெக்கானிக்கிடம் போவதாக இருந்தால்தானே அந்தக் கவலை.

கார் வேலையில் தேர்ச்சி பெற்றுவிட்டதால், அடுத்தது மாடியறை ஸ்பிளிட் ஏசி என்று அண்ணன் அறிவித்திருக்கிறார். அதில் இருப்பது R-32. லேசாகத் தீப்பற்றும் என்று வெளி யூனிட்டிலேயே சுடர்ப் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அது கம்பெனிக்காரன் நம்மள பயமுறுத்துறதுக்கு" என்று விளக்கம் சொன்னார். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வேலை. கீழ்வீட்டுக்காரர் சனிக்கிழமையே குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்புகிறார். ரொம்ப நாளாகவே போக நினைத்திருந்தார்களாம்.